பெரிய ராணி சொல்லாததெல்லாம்

இல்லக்கா, அறுபத்திநாலு எபிசோடு எடுத்தது கூட எனக்குக் கோவம் இல்ல. ஒரு ஆள் ஒரு வாசப்படியிலருந்து இன்னொரு வாசப்படி வரைக்கும் நடந்து போறதை அரை எபிசோடு காட்டறாங்களே, அதுதான் பொறுக்கல. அரண்மனைன்னா பெருசாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். அதுக்காக அவங்க நடக்கற நடையெல்லாம் நாம உக்காந்து பாக்கணுமா... நீங்க கண்ணைத் திறக்காதீங்க. சொட்டு மருந்து போட்டா இருபது நிமிஷம் மூடித்தான் வச்சிருக்கணும். அந்த நர்ஸ் இந்தப் பக்கம் வந்தா உங்களையும் திட்டும், பேச்சுக் குடுத்த என்னையும் திட்டும். நீங்க பாட்டுக்கு மூடிட்டு இருங்க, நான் பாட்டுக்கு சொல்றேன்.

எங்க மாமியார் உள்ள பவர் பாக்கப் போயிருக்காங்க. ரெண்டு கண்ணும் புரை எடுத்தாச்சு. முதல் கண்ணு எடுத்து ஏழு வாரம், ரெண்டாவது எடுத்து நாலு வாரம். இன்னிக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்துட்டா அவங்களுக்கு எல்லாம் சரியாயிடும். எனக்குத்தான் ஆரம்பிக்கும். கண்ணாடி வந்துட்டா நான் மாட்டிப்பேன்க்கா. எப்படின்னு சொல்றேன், வரிசையா சொன்னாத்தான் புரியும்.

நீங்க இந்த சீன நாடகமெல்லாம் பாப்பீங்களா? ராஜா ராணி காலத்து நாடகம். பாக்கறதில்லையா. தப்பிச்சீங்க.

நான் ஒரு ஆபீஸ்ல கோப்பு அறையில இருக்கேன். பதினாலு வருஷமா எந்தக் காகிதம் எந்த அலமாரியில எத்தனாவது தட்டுல இருக்குன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் குடுப்பேன். என்னாலயே இந்த நாடகத்துல யார் யாருன்னு முதல் ஒரு வாரம் பிரிச்சுப் பாக்க முடியல. எல்லாருக்கும் ஒரே கொண்டை, ஒரே தொளதொள உடுப்பு. பேரோ வாயில நுழையல. அதனால நாங்களே பேரு வச்சுக்கிட்டோம். ராஜா எப்பப் பாத்தாலும் நெத்தியில கையை வச்சுக்கிட்டு சாஞ்சிருப்பான், அவன் தலைவலி ராஜா. புருவம் ரெண்டும் கூரை மாதிரி ஏறியிருக்கறவர் புருவ மந்திரி. பச்சை உடுப்பையே போட்டுட்டு வர சின்ன ராணி, பச்சை ராணி. அப்புறம் ராஜாவோட அம்மா, பெரிய ராணி. இந்த அம்மாவை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. என் தலையில மண்ணு விழறதுக்கு இவங்கதான் காரணம்... சரி, இவங்க இல்ல. நான்தான். அதையும் சொல்றேன்.

ஒண்ணு கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. ஒரு பொண்ணு முடியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, ஆம்பளை உடுப்பைப் போட்டுக்கிட்டு ராணுவத்துல சேருது. மீசை கிடையாது, காதுல ஓட்டை அப்படியே இருக்கு, உதட்டுச் சாயம் கூட கலையல. பத்தாயிரம் பேர் இருக்கற ராணுவத்துல ஒருத்தனுக்கும் தெரியல. அத்தனை பேருக்கும் கண்ணுல புரையா? கடைசியில ஒரு காத்து அடிச்சு முடி அவிழுது, உடனே தளபதி அப்படியே கல்லு மாதிரி நிக்கறான். ஒரு வருஷமா ஒரே கூடாரத்துல இருந்திருக்கான்க்கா அவன்.

அவனுக்கு நெஞ்சுல அம்பு பாயுது. பாஞ்சதுக்கு அப்புறம் பத்து நிமிஷம் பேசறான். நமக்குத் தொண்டை கட்டினாலே பேச்சு வரதில்ல. ரத்தமாவது வருதான்னா, வாயோரத்துல ஒரே ஒரு கோடு, அதுவும் அளவெடுத்து வச்ச மாதிரி. மறுநாள் எழுந்து குதிரை ஏறிடறான்.

டீ குடிக்கறதை எடுத்துக்கங்க. அந்த அரண்மனையில இதுவரைக்கும் டீயில விஷம் வச்சு நான் எண்ணினவரைக்கும் ஒம்பது பேர். அடுத்த ஆள் வரான், டீ நீட்டறாங்க, வாங்கிக் குடிக்கறான். பச்சைத் தண்ணி கேட்டா என்னவாம்? அப்புறம் இந்தப் பொண்ணுங்க தடுக்கி விழறது. விழுந்தா உடனே ஒருத்தன் வந்து இடுப்பைப் பிடிச்சு மூணு சுத்து சுத்தறான், மேலருந்து பூ கொட்டுது. போன மாசம் ஆபீஸ் படியில நானும்தான் வழுக்கினேன். எங்க சூப்பரண்டு மேலருந்து பாத்துட்டு, கோப்பு ஏதாவது கலைஞ்சுதான்னு கேட்டார்.

இவ்வளவு குறை சொல்றியே, எதுக்குப் பாக்கறேன்னு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் கேக்கறார். நல்லாருக்குக்கா. அதான் சங்கடம். அந்தத் தளபதி அவ கையைத் தொடறதுக்கு இருபத்தேழு எபிசோடு ஆகுது. தொட்ட அன்னிக்கு நான் தட்டுல சாப்பாட்டை வச்சுட்டு சாப்பிட மறந்துட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். எனக்குக் கல்யாணம் ஆகி பதினோரு வருஷம். எனக்கும் மாமியாருக்கும் சண்டைன்னு ஒண்ணும் கிடையாது. சண்டை போடற அளவுக்குப் பேச்சே கிடையாது. கேஸ் மூடினியா, மூடிட்டேன் அத்தை. மழை வரும் போலிருக்கு, ஆமா அத்தை. அவ்வளவுதான். அவங்க முப்பது வருஷம் கணக்கு டீச்சர். யார் எது சொன்னாலும் விடை சரியா தப்பான்னு பாக்கற மாதிரியே பாப்பாங்க. எனக்கு அந்தப் பார்வைன்னா கொஞ்சம் உதறல்.

முதல் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு சும்மா உக்காந்திருந்தாங்க. படிக்கக் கூடாது, குனியக் கூடாது. மூணாவது நாள், உன் போன்ல என்னமோ சண்டை சத்தம் கேக்குதே, அது என்னன்னு கேட்டாங்க. நான் பஸ்ஸுல பாத்துட்டு இருந்த நாடகம்தான். டீவியில போட்டு முதல்லருந்து ஆரம்பிச்சேன். பேசறது சீனம், கீழ தமிழ்ல எழுத்து ஓடும். இவங்களுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாதே, அதனால நான் பக்கத்துல உக்காந்து வரிக்கு வரி படிச்சு சொன்னேன். ஒரு நாளைக்கு ரெண்டு எபிசோடு, ரெண்டாவது கண்ணு எடுத்ததுக்கு அப்புறம் ஒண்ணு. முதல் ஒம்பது நாள் உள்ளது உள்ளபடிதான் படிச்சேன். சத்தியமா.

பத்தொம்பதாவது எபிசோடுல பச்சை ராணிக்கு டீ குடுத்தாங்க. எங்க அத்தைக்கு அந்தப் பொண்ணுன்னா உயிரு. டாக்டரோ, கண்ணைக் கசக்கக் கூடாது, அழக் கூடாதுன்னு சீட்டுல எழுதியே குடுத்திருக்கார். அந்தப் பொண்ணு கோப்பையை வாய்ல வைக்குது, கீழ விஷம்னு எழுத்து வருது. நான் என்ன பண்ணுவேன்? தூக்க மருந்துன்னு படிச்சேன்.

சொல்லி வாயை மூடல, அடுத்த காட்சியில ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிட்டுப் போறாங்க. அது என்ன பெட்டின்னு கேட்டாங்க. பட்டுத் துணி அத்தை, வெளியூருக்கு அனுப்பறாங்கன்னேன். துணிக்கு எதுக்கு எல்லாரும் அழறாங்கன்னாங்க. ரொம்ப ஒசத்திப் பட்டு அத்தைன்னு சொன்னேன்.

சிரிக்காதீங்க, மருந்து வழியும்.

அதுக்கப்புறம் ராஜா ஆறு எபிசோடு தேம்பித் தேம்பி அழறான். தலைவலின்னு சொன்னேன், பேரே அதானே. பச்சை ராணி எங்கன்னு கேட்டா மலையடிவாரத்துல ஓய்வு எடுக்கறாங்கன்னேன். அவன் எப்பவாவது ஓலையைப் பிரிச்சுப் படிச்சா, அது எல்லைச் சண்டைச் செய்தியாத்தான் இருக்கும், நான் பச்சை ராணி எழுதின கடுதாசியா படிச்சுடுவேன். இங்கே அனைவரும் நலம், காற்று நன்றாக இருக்கிறது, நெற்றிக்குத் தைலம் தடவவும். ராஜா அதைப் படிச்சுட்டு வாளை உருவிட்டு எழுந்திருப்பான். தைலம் தேடப் போறான் அத்தைம்பேன்.

நான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டேன்க்கா. பொய்யா இருந்தாலும் ஒழுங்கா இருக்கணும். ஒரு நோட்டுப் போட்டு, இடது பக்கம் நாடகத்துல நடந்தது, வலது பக்கம் நான் சொன்னதுன்னு எழுதி வச்சேன். முப்பதாவது எபிசோடுல பாத்தா, வலது பக்கக் கதை இடது பக்கத்தை விட நல்லா இருந்துது.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை, ஆபீஸ்ல வருஷக் கடைசியில வேண்டாததைக் கழிக்கற வேலை, நாள் பூரா பழைய கோப்பு தூக்கி இடுப்பு ஒடிஞ்சு வந்து உக்காந்திருக்கேன். டீவியில பெரிய ராணி மூத்த மருமகளை நிக்க வச்சு, மூணு தலைமுறையை இழுத்துத் திட்டறாங்க. எனக்கு அதைப் படிக்க மனசு வரல. மருமகளே, நீ மிகவும் களைத்திருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது ஏழு மணி வரை உறங்குன்னு படிச்சுட்டேன். அத்தை என் பக்கம் திரும்பினாங்க. அந்தக் காலத்து சீனாவுல ஞாயித்துக்கிழமை லீவு உண்டான்னு கேட்டாங்க. அரண்மனைக்கு மட்டும் உண்டு அத்தைன்னேன். மறுநாள் நான் எழுந்துக்கும்போது மணி ஏழே கால். வீட்டுல ஒரு சத்தம் இல்ல. காபி போட்டு மூடி வச்சிருக்கு.

ருசி கண்டுட்டேன்க்கா. அதுக்கப்புறம் பெரிய ராணி வாயைத் திறந்தாலே என் மனசுல இருக்கறதுதான் வந்துது. சமையலில் குறை சொல்வது ஒரு மாமியாருக்கு அழகல்லன்னாங்க. இந்த ராஜ்யத்திலேயே உன்னைப் போல் துணி மடிப்பவள் இல்லைன்னாங்க. அந்த அம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு விரலை ஆட்டி ஆட்டி சொல்லுவாங்க. பாசத்தை அப்படித்தான் காட்டுவாங்க அத்தைன்னு விளக்கமும் குடுத்தேன்.

இன்னும் அஞ்சு எபிசோடு பாக்கி இருக்கு. இன்னிக்குக் கண்ணாடி வந்து, சாயந்திரம் அவங்களே படிக்க ஆரம்பிச்சா முதல் வரியிலயே பச்சை ராணியோட நினைவு நாள். கண்ணாடிக் கடையில போய், அஞ்சு நாள் கழிச்சுக் குடுங்கன்னு கெஞ்சலாமான்னு கூட யோசிச்சேன். திட்டட்டும், அது பரவால்ல. பொய் சொல்றவன்னு ஆயிடும், அதுவும் போகட்டும். நான் வேலை விட்டு வரதுக்குள்ள சோபாவுல அவங்க பக்கத்துல எனக்கு ஒரு தலகாணி போட்டு வச்சிருப்பாங்கக்கா. பதினோரு வருஷத்துல இந்த ஏழு வாரம்தான். அவங்களே படிச்சுக்க முடிஞ்சா, நான் எதுக்கு அங்க?

என்னக்கா?... இல்ல இல்ல, கண்ணாடி இல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்... உங்களுக்கும் இதே ஆபரேஷனா? எப்ப? அந்தக் கண்ணா?... மறு வாரமே தூரம் தெளிவாத் தெரிஞ்சுதா? பஸ் நம்பர் கூடவா?... கண்ணாடி பக்கத்துல வச்சுப் படிக்கறதுக்கு மட்டும்தானா?

எங்க டீவி எட்டடி தள்ளி இருக்குக்கா.

இல்ல, ஒரு வேளை அவங்களுக்கு வச்ச லென்ஸ் வேற மாதிரியா... அதே டாக்டர்தான். ஆமா, ஆபரேஷன் அன்னிக்கு எல்லாரையும் உக்கார வச்சு சொன்னாராமே. சொன்னார். நானும் வந்திருந்தேன். நான் வராண்டாவுல... போன்ல... பன்னெண்டாவது எபிசோடு. அந்தப் பொண்ணோட முடி அவிழற நேரம். அந்தச் சீட்டை மட்டும் கையில வாங்கிக்கிட்டேன்.

இருங்க, இருங்க. பச்சை ராணி டீ குடிச்சப்ப முதல் கண்ணு முடிஞ்சு பதிமூணு நாள் ஆகியிருந்துது. அப்பன்னா விஷம்னு எழுதியிருந்ததை... பட்டுத் துணின்னு நான் சொன்னப்ப தலகாணியை வாய்ல அழுத்திக்கிட்டு இருமினாங்க. நான் ஓடிப் போய் வெந்நீர் கொண்டு வந்து குடுத்தேன். எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு பெரிய பெட்டின்னு அவங்களே வேற சொன்னாங்க.

அந்தச் சனிக்கிழமை. ஐயோ. மூணு தலைமுறைத் திட்டையும் கண்ணால படிச்சுக்கிட்டே நான் சொன்னதைக் காதால கேட்டிருக்காங்க. கேட்டுட்டு, போய்க் காபி போட்டு மூடி வச்சிருக்காங்க.

அப்ப எழுத்து தெரிஞ்சும் எதுக்கு என்னைப் படிக்கச் சொன்னாங்க? முந்தாநாள் எனக்குத் தொண்டை கம்மிடுச்சு, ஒரு நாள் விட்டுடலாமா அத்தைன்னு கேட்டேன். நீ இல்லாம எனக்கு ஒண்ணும் புரியாதுன்னாங்க. நான் அதைக் கண்ணு விஷயமா எடுத்துக்கிட்டேன்க்கா.

கதவு திறக்குது. அக்கா, அவங்க வந்து ஏதாவது கேட்டா நீங்க தூங்கிட்டு இருக்கீங்க. புரியுதா? தூங்குங்க.

முடிஞ்சுதா அத்தை? பாத்து, படி இருக்கு... பக்கத்துப் பார்வைக்குக் கண்ணாடியா. சரி. தூரம்?... தூரம் இன்னும் மங்கலாத்தான் இருக்கா. டாக்டர் என்ன... ஓ, டாக்டர்கிட்ட சொல்லலையா. சரி, அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிட்டு. ஆமா அத்தை, டீவி எழுத்தெல்லாம் ரொம்பப் பொடிசு. எனக்கே சில நேரம் தெரியறதில்ல. நானே படிக்கிறேன்... அஞ்சும் படிக்கிறேன். முடிஞ்சா அடுத்ததா? தொண்ணூறு எபிசோடா? யார் சொன்னா உங்களுக்கு?... அதையும் படிக்கிறேன் அத்தை.

என்னது? பெரிய ராணியா? அவங்களுக்கு என்ன?... மருமகளைப் புகழறது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கா. குறைச்சுக்கச் சொல்லணுமா.

சொல்லிப் பாக்கறேன் அத்தை. ஆனா அந்த அம்மா யார் பேச்சையும் கேக்கற ஆள் இல்ல.