மேனேஜரம்மாவின் தண்ணீர்

சிலந்தி தண்ணீர் குடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நீங்களும் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். டாரண்டுலா என்பது கையளவு பெரிய, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த சிலந்தி. தாகமெடுத்தால் கிண்ணத்தின் விளிம்பில் ஏறி, முன்கால்களை ஊன்றிக்கொண்டு, முகத்தை அப்படியே தண்ணீரில் வைத்துவிடும். வேலை அலுத்துப்போன யாரோ மேசைமேல் தலைகவிழ்ந்து கிடப்பது போலிருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

என் வேலை சிலந்தி அல்ல, அந்தத் தண்ணீர். கிண்ணத்தைச் சில நாள் கழுவாமல் விட்டால் அடியில் வழவழவென்று ஒரு படலம் படியும். விரலால் தொட்டால் அழுக்கு என்று முகம் சுளிப்பீர்கள். அது அழுக்கல்ல, முழுக்க உயிர். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெரிய குடும்பம் ஒரே வீட்டில் குடியிருப்பது போல, முட்டிமோதிக்கொண்டு வாழும். அதில் யார் யார் இருக்கிறார்கள், யார் யாரை வளரவிடுவதில்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கண்ணாடிப் பெட்டிகளை இரண்டு அலமாரிகளில் வைத்திருந்தோம். மேல் அலமாரிச் சிலந்திகளுக்குத் தினமும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கீழ் அலமாரிக்குக் கழுவாத கிண்ணத்தின் பழைய தண்ணீர். இந்தச் சிலந்திகளுக்குக் காற்றில் ஈரம் வேண்டும் என்பதால் இரண்டு அலமாரிகளிலும் புகைபோல நீரைத் தூவும் சிறு இயந்திரங்கள் உண்டு. அவற்றிலும் அந்தந்த அலமாரியின் தண்ணீரையே ஊற்றினோம். சுத்தமான தண்ணீர் குடித்தவை நன்றாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். நடந்தது தலைகீழ். மேலே இருந்தவை பூஞ்சை பிடித்து ஒவ்வொன்றாகச் சுருண்டன. கீழே இருந்தவை கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. அந்தப் படலத்தில் இருந்த ஒரு பாக்டீரியா பூஞ்சையை அண்டவிடவில்லை. அதைத் தனியே பிரித்தெடுத்த அன்று நான் தனியாக நின்று சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

எங்கள் இயக்குநருக்கு அது உறைக்கவில்லை. "சிலந்திக்குப் பூஞ்சை வராட்டா யாருக்கு என்ன சார் லாபம்? மனுஷனுக்கு ஏதாவது ஆகுமான்னு சொல்லுங்க. இல்லேன்னா அந்த ரூமை வேற யாருக்காவது கொடுத்துடறேன்" என்றார். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார், கையில் தேநீர்க் கோப்பையோடு. நான் அதைச் சும்மா பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான், என் மனைவி, என் அம்மா, மனைவியின் அம்மா, நாலே பேர். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பின்பக்கத்தில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு அறைகள். ஒன்றில் அம்மா, இன்னொன்றில் அத்தை. அம்மா அதிகம் பேசமாட்டார். பேசினால் அது ஒரு குறையாக இருக்கும். அத்தை நேரெதிர். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலாலேயே சம்பாதித்த மனுஷி. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் போன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்து, அந்தப் பழைய குரலில், "சொல்லுங்க, யார் வேணும்?" என்பார். தவறான எண்ணுக்குப் பேசியவர்கள்கூட ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வைப்பார்கள்.

வீட்டில் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். என் அம்மா வாசலோடு நின்றுவிட்டார். அத்தையோ கீழ் அலமாரியின் கிழட்டுப் பெண் சிலந்திமுன் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "மாப்பிள்ளை, எங்க ஆபீஸ்ல ஒரு மேனேஜரம்மா இருந்தா. இதே மாதிரிதான், ஒரு மூலையில அசையாம உக்காந்திருப்பா. ஆனா யார் லேட்டா வந்தாலும் அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அன்று முதல் அந்தச் சிலந்திக்கு மேனேஜரம்மா என்று பெயர். நான் வீடு திரும்பும்போதெல்லாம், "மேனேஜரம்மா தண்ணி குடிச்சாளா?" என்று கேட்பார். என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்ட ஒரே கேள்வி அது. எனக்கு அத்தையைப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

காற்று வறண்ட மாதங்களில் இரண்டு பேருக்கும் வறட்டு இருமல் வரும். அந்த ஆண்டும் வந்தது. அம்மா இருமுவார், சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை பதிலுக்கு இருமுவார். "சம்பந்தி, நீங்க முடிங்க, அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்" என்று அத்தை கத்துவது எனக்குக் கேட்கும். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். ஏறக்குறைய ஒரே வயது. ஒரே சமையல். ஒரே அளவு அறை, ஒரே பக்கம் ஜன்னல், ஒரே இருமல். சோதனைக்கு இப்படி ஒரு ஜோடி கேட்டாலும் கிடைக்காது. என்னைப் போல் ஒருவனுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது கஷ்டம்.

இரண்டு இயந்திரங்கள் வாங்கிவந்தேன், அறையின் காற்றை ஈரமாக்கும் அதே வகை. இரண்டும் ஒரே நிறம். தினமும் காலையில் நானே தண்ணீர் ஊற்றுவேன் என்று சொன்னேன். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வீட்ல நீங்க ஒரு வேலையைத் தானா எடுத்துச் செஞ்சு இப்பத்தாங்க பாக்கறேன்" என்றாள். அம்மா, "சத்தம் போடுதே" என்றார். அத்தை புகையைக் கையால் விசிறிக்கொண்டு, "என்ன மாப்பிள்ளை, என்னைக் கொசுன்னு நெனச்சிட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஒன்றில் காய்ச்சிய தண்ணீர். இன்னொன்றில் மேனேஜரம்மாவின் கிண்ணத்துத் தண்ணீர்.

எது யாருக்கு என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நாணயத்தைச் சுண்டினேன். ஆய்வு செய்கிறவனுடைய விருப்பு வெறுப்பு உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பூ விழுந்தால் அம்மா, தலை விழுந்தால் அத்தை. பழைய தண்ணீர் அத்தைக்குப் போனது.

முதலில் அத்தைக்கு இருமல் குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. "மிஷின் நல்லா வேலை செய்யுது மாப்பிள்ளை, மூச்சு லேசா இருக்கு" என்றார். இயக்குநரிடம் போய்ச் சொல்லத் துடித்தேன், அடக்கிக்கொண்டேன். அவசரப்படுவது என் சுபாவம் அல்ல.

பிறகு குரல் கம்மியது. மறுபடி இருமல் வந்தது, இந்த முறை ஈர இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். போன் மணி அடித்தால் எழுந்து போகாமல் என் மனைவியைப் பார்த்துக் கையை ஆட்டுவார். அந்தக் கட்டத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். பாதியில் நிறுத்தினால் அது சோதனையே அல்ல. நல்லது பாதி, கெட்டது பாதி என்று கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது? கொஞ்சம் பொறுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும் என்று நினைத்தேன். சிலந்திகள் பழகிக்கொண்டன.

ஒரு காலை தண்ணீர் ஊற்றப் போனபோது அத்தை தன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்குள் நிற்கிறார். காய்ச்சலில் கால் தள்ளாடுகிறது. "சம்பந்திக்கு அவங்க மிஷின் சத்தம் தூங்க விடலியாம். என்னோடது சத்தம் கம்மி. மாத்திக்கறோம்" என்றார் கரகரத்த குரலில். அம்மா ஏற்கெனவே எழுந்து இடம் பண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வைங்க அதை! யார் உங்களை மாத்தச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். நான் வீட்டில் கத்துகிற ஆள் இல்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடிவந்து பார்த்தாள். அத்தை இயந்திரத்தை என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, வெட்கம். வேண்டாத இடத்தில் கை வைத்துவிட்டோமே என்ற வெட்கம். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மாற்றிவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் பாழ். அதற்காகத்தான் கத்தினேன். வேறு எதற்கும் இல்லை.

மருத்துவமனையில் சேர்த்தோம். இளம் மருத்துவர், நல்ல பெண், பொறுமையாக விசாரித்தார். வீட்டில் செல்லப்பிராணி உண்டா, பறவை உண்டா, புதிதாக எங்காவது போனார்களா? இல்லை என்றோம். நீங்கள் என்ன வேலை என்று என்னைக் கேட்டார். தண்ணீர் ஆராய்ச்சி என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வழக்கமான நிமோனியா என்று வைத்து வழக்கமான மருந்தைக் கொடுத்தார்கள். அந்த மருந்து இந்தப் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஆய்வுக்கூடத்தில் அதைப் பலமுறை ஊற்றிப் பார்த்திருக்கிறேன், அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். எந்த மருந்துக்கு அது மடங்கும் என்பதும் எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதோடு, சோதனை என்றால் சிகிச்சை பார்க்கிற மருத்துவருக்கு விஷயம் தெரியாமல் இருப்பதுதான் முறை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நாளைக்கும் அதையே நினைத்தேன்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அத்தைக்குப் பேச்சு வரவில்லை. உதடு அசைந்தது. என் மனைவி குனிந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மேனேஜரம்மா தண்ணி குடிச்சாளான்னு கேக்கறாங்க."

குடித்தாள் என்றேன். அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

இந்தப் பாக்டீரியா மனிதரைத் தாக்கும் என்பது முன்பே தெரியுமா என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சரி. கீழ் அலமாரியின் இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு உதவியாளர் இருந்தார், ஓயாமல் சிகரெட் புகைப்பவர். நாங்கள் ரயில்வண்டி என்று கூப்பிடுவோம். அவருக்கும் இதே மாதிரி இருமல், காய்ச்சல், மருத்துவமனை. நுரையீரலில் பாதி போய் வேலையை விட்டுவிட்டார். எல்லோரும் சிகரெட் என்றார்கள். நானும் சிகரெட் என்றேன். அவரது சளியில் கொஞ்சம் என்னிடம் வந்தது, வளர்த்துப் பார்த்தேன். என் பாக்டீரியாதான். ஆனால் ஒரே ஒரு ஆள், அதுவும் புகைப்பவர். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் புகைக்காத ஒருவர் தேவைப்பட்டார்.

நான் எப்படி அகப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தை போன பிறகு என் மனைவி அறையை ஒழிக்கப் போனாள். இயந்திரத்தின் தொட்டியில் விரலை விட்டிருக்கிறாள். வழவழப்பு. அம்மாவின் தொட்டியிலும் விட்டுப் பார்த்தாள். அது கண்ணாடி மாதிரி இருந்தது. தொட்டியை நான் கழுவி வைத்திருந்தால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனால் அந்தப் படலத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதர் மூச்சுவிட்ட அறையில் வளர்ந்தது. அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

அவள் அழவில்லை. ஈரமான விரலை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். நல்லது நடக்கும் என்று நம்பித்தான் செய்தேன், மனிதர்களின் நுரையீரலுக்கு உதவும் என்று நினைத்தேன் என்றேன்.

"நல்லதுன்னா உங்க அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாமே?" என்றாள்.

அதற்குத்தான் நாணயம் என்றேன். நான் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாக விழுந்தது என்று விளக்கினேன். அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு மிஷினை மாத்தறேன்னப்ப கத்தினீங்களே. அந்தக் குரலை நான் மறக்கல. உண்மையைச் சொல்லுங்க. எத்தனை தடவை சுண்டினீங்க?"

இதற்கு முன் யாரும் அதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேட்டால் மறைக்கிறவன் அல்ல நான். ஒரே ஒரு முறை கிடைத்த முடிவை எந்த ஆய்வாளனும் நம்பமாட்டான், திரும்பச் செய்து பார்ப்பான். முதல் முறை பூ விழுந்தது. இரண்டாவது முறையும் பூதான். மூன்றாவது முறை தலை விழுந்தது. அதற்கு மேல் சுண்டத் தேவைப்படவில்லை.