ஃப்ரிட்ஜை அணைத்துக் கேட்ட குரல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மக்கள் மன்றச் செயலாளர் சிக்ரிட் அம்மையார் அவர்களே! மறைந்த வெண்டெலாவின் அண்ணன் ஆல்காட் அவர்களே! எங்கள் 'பனிக்கலப்பை' இசைக்குழுவில் இத்தனை ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்து என் காதைப் பாதி செவிடாக்கிய யெர்ட் அவர்களே! கிருனாவிலிருந்தும் ஊமியோவிலிருந்தும் பனிப்புயலில் வண்டி ஓட்டி வந்திருக்கும் இசைத் தோழர்களே! ஓய்வு நாளென்று பாராமல் சீருடையிலேயே வந்து நிற்கும் லூலியோ நகரப் பேருந்து ஓட்டுநர்களே! அனைவருக்கும் இந்த ஹில்டிங்கின் வணக்கம்.

நான் கித்தார்க்காரன். பேச்சாளன் அல்ல. வடக்கே பிறந்தவனை மேடையில் நிறுத்திப் பேசச் சொன்னால் அவன் முதலில் வெளிக்கதவு எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பான். நானும் பார்த்துவிட்டேன். யெர்ட் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே பேசுகிறேன்.

யார் இந்த வெண்டெலா புருன்ஸ்ட்ரோம்? பகலில் நகரப் பேருந்து ஓட்டியவர். மாலையில் இந்த நாட்டின் வடகோடியிலிருந்து எழுந்த மிகப் பெரிய குரலுக்குச் சொந்தக்காரர். மிகப் பெரிய குரல் என்று அன்புக்காகச் சொல்லவில்லை. ஒருமுறை துறைமுகத் திடலில் மைக் வேலை செய்யாமல் போனபோது, அவர் அதைக் கீழே வைத்துவிட்டு வெறுங்குரலில் பாடினார். உறைந்த கடல்மேல் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு தொண்டை!

அந்தத் தொண்டையைக் கேட்டு ஸ்டாக்ஹோமிலிருந்து அழைப்புகள் வந்தன. அவர் போகவில்லை. தன் சமையலறையில் 'ஈரக் கையுறை' என்ற பெயரில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். நிறுவனம் என்றால் என்ன? ஒரு மேசை, மையில் நனைந்த நாங்கள் மூவர், காய்வதற்காகத் துணிக்கொடியில் தொங்கவிட்ட தட்டு உறைகள். அவ்வளவுதான். இரண்டு இசைத்தட்டுகள் அப்படி வந்தன. மூன்றாவதை ஒரு பெரிய கம்பெனி விநியோகிக்க முன்வந்தது. பாதிப் பாட்டுகள் பதிவாகியிருந்தன.

அப்போதுதான் அவர் கழுத்தில் கட்டி வந்தது.

குரல்நாண் நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது அது. நரம்பை விட்டுவைத்தால் உயிர் போகும், உயிர் வேண்டுமென்றால் நரம்பைக் கொடுத்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். கொடுத்தார். கண் விழித்தபோது எஞ்சியிருந்தது மூச்சுக்காற்று மட்டுமே. வாயருகே காதை வைத்தால் சொற்கள் புரியும். ஓர் அடி தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. துறைமுகத்தையே நிறுத்திய தொண்டை, நண்பர்களே! அது போயிற்று.

கம்பெனியிலிருந்து காஸ்பர் என்பவர் வந்தார். நல்ல மனிதர், நல்ல கோட்டு. சமையலறை மேசையில் எங்களோடு உட்கார்ந்து, இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"தட்டு பாதியில நிக்க வேண்டாம். ஒரு பொண்ணு இருக்கு. அச்சு அசல் உங்க குரல். மீதியைப் பாடிக் குடுத்துடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

வெண்டெலா அவரை அருகே வரச் சொல்லிக் கையசைத்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்தார்.

"அந்தப் பொண்ணு பேரு தட்டுல வருமா?"

"அது... வந்து... வராது. உங்க பேருதான் வரும்."

"அப்ப அவளுக்கும் சேர்த்துத்தான் வேண்டாங்கறேன். ஒருத்தி குரல் ஏற்கெனவே போயிடுச்சு. இன்னொருத்தி குரலை எதுக்குத் திருடணும்? ரொட்டி இன்னும் இருக்கு, சாப்பிட்டுப் போங்க."

காஸ்பர் சாப்பிடாமல் போனார். யெர்ட் அந்த ரொட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

வெண்டெலா மீண்டும் பேருந்து ஓட்டப் போனார். அவரைக் கேட்டால், ஒரே ஒரு குறைதான் சொல்வார். "குறுக்கே வர்றவனை வாய் நிறையத் திட்ட முடியலையேடா, ஹில்டிங்." அவ்வளவுதான். அழுதாரா? என் முன்னால் அழவில்லை. பாடவில்லை, பாட்டைப் பற்றிப் பேசவில்லை, வானொலியைக்கூடப் போடவில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படியே போயிற்று. 'பனிக்கலப்பை' முடிந்துவிட்டது என்று ஊரே நினைத்தது. என் கித்தார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பிறகு ஒருநாள் மதியம் கைப்பேசியில் ஒரு வரி: கடைசி நிறுத்தத்துக்கு வா.

போனேன். மரக்காட்டு ஓரத்தில் அவர் பேருந்து வெறுமையாக நின்றிருந்தது. அடுத்த நடைக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்னிருக்கையில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். எஞ்சினை அணைத்தார். ஓட்டுநர் இருக்கையில் முதுகைக் காட்டியபடியே அசையாமல் இருந்தார். பிறகு திரும்பி, தன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்டதா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன கேட்கணும்?" என்றேன்.

முன்னால் வரச் சொன்னார். நடு இருக்கைக்கு வந்தேன். கேட்கவில்லை. இன்னும் முன்னால். ஏதோ இருப்பதுபோல் இருந்தது, ஆனால் என் குளிர்க்கோட்டின் சரசரப்பில் போய்விட்டது. கோட்டைக் கழற்றி வைத்தேன். அவருக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டேன்.

கேட்டது!

எப்படிச் சொல்வேன்? தீக்குச்சி பற்றிக்கொள்வதற்கு முன்னால் ஓர் உரசல் இருக்கிறதே, அந்த உரசலுக்கு ராகம் வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பழைய குரலின் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய குரலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஓராண்டாக, ஒவ்வொரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே, அந்தக் கடைசி நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்து, எஞ்சிய மூச்சிலிருந்து இந்தப் பெண் ஒரு புதுக் குரலை உண்டாக்கியிருந்தார்.

"இதை வச்சுக்கிட்டு மேடை ஏறலாமாடா?"

"ஒரு பஸ் கூட்டம்னா ஏறலாம்."

"விளையாடாதே."

"நிஜமாவே ஏறப்போறியா?"

ஸ்டாக்ஹோம் பக்கமிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வடகோடிக்காரர்கள் நாங்கள் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறந்து சிரமப்படுவதில்லை. உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம், 'ஷூப்' என்று. அதற்குக் குரல் தேவையில்லை. வெண்டெலா அப்படி இழுத்தார். அவ்வளவு உறுதியான ஆமாமை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தோம். காற்றுதான் பெரிதாக இரைந்தது, குரல் அதற்குள் முங்கிப்போயிற்று. எனவே அவர் எங்கள் சத்தத்தைக் குறைக்கத் தொடங்கினார். யெர்ட் குச்சிகளைப் போட்டுவிட்டு, கம்பளிக் கையுறையோடு டிரம்மைத் தடவினார். என் மின்கித்தாரின் ஒயரை வெண்டெலாவே பிடுங்கிவிட்டார். மின்சாரம் இல்லாத மின்கித்தாரை வாசித்திருக்கிறீர்களா? கொசு முனகும் சத்தம்கூட அதைவிடப் பெரிது. "இன்னும் கம்மியா வாசி" என்பார். "இதுக்கு மேல கம்மின்னா நான் வீட்டுல இருந்துதான் வாசிக்கணும்" என்பேன். "அப்ப வீட்டுல இருந்தே வாசி" என்பார்.

அதற்கடுத்த பிப்ரவரி விழாவில், இதே மன்றத்தில், இதோ நான் நிற்கும் இதே மேடையில் ஏறினோம். பிற்பகல் நிகழ்ச்சி. எங்களுக்கு முன்னால் காது கிழிய வாசிக்கும் ஒரு குழு. கூட்டம் சூடேறி, கையில் பீரோடு, இன்னும் பெரிய சத்தத்துக்காகக் காத்திருந்தது. 'பனிக்கலப்பை' திரும்பி வருகிறது என்றால் கூரை பறக்கும் என்றுதானே எல்லோரும் எதிர்பார்த்தார்கள்?

வெண்டெலா மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார்.

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "சத்தமா பாடுங்க!" இன்னொருவன்: "ஏ, மைக்கைப் போடுங்கப்பா!" சிரித்தார்கள். வெண்டெலா நிறுத்தவே இல்லை. முதல் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, "நீ கத்துறதாலதான்டா கேக்கல" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை விளக்க எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். முதல் வரிசை அடங்கியது. அவர்கள் அடங்கியதைப் பார்த்து அடுத்த வரிசை அடங்கியது. மௌனம் கடைசிச் சுவர்வரை மெல்ல நடந்து போனது. பேச்சு நின்றதும் மேலே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள். காற்றாடி நின்றதும் பீர் ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்டது. அதோ, காப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிறாரே லில்லெமோர், அவர் மண்டியிட்டு, ஒயரைத் தேடிப் பிடித்து ஃப்ரிட்ஜை அணைத்தார். கூடம் புழுங்கியது. ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை, சரசரக்குமே என்று!

அப்போது வந்தது குரல். கடைசி வரிசைவரை வந்தது.

"முதல் வண்டியில் ஏறும் கைகளுக்கெல்லாம் சோப்பு வாசம்,
யார் வீட்டுத் தரையோ இன்று பளபளக்கப் போகிறது..."

விடியலில் வேலைக்குப் போகும் துப்புரவுப் பெண்களைப் பற்றிய பாட்டு. அவருடைய தினசரிப் பயணிகள். அவ்வளவு எளிய பாட்டு. ஆனால் தோல் சட்டையும் பச்சை குத்திய கையுமாக நின்ற முரட்டு ஆட்கள், கண்ணீரைத் துடைத்தால் சத்தம் வருமென்று துடைக்காமல் நின்றார்கள்.

பாட்டு முடிந்தது. கைத்தட்டல் இல்லை. தட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. வெண்டெலா கூட்டத்தைப் பார்த்து, உதட்டசைவில் கேட்டார்: "இன்னொண்ணு?"

மன்றம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. ஷூப்! கூடத்துக் காற்றெல்லாம் மேடையைவிட்டுப் போய்விட்டதுபோல் இருந்தது எனக்கு. உலகத்தில் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கரவொலி எழுந்திருக்கும். அதற்கு ஈடாக ஒன்று எங்காவது எழுந்திருக்குமா?

அந்தக் குரலோடு அவர் பதினோரு ஆண்டுகள் பாடினார். பாடியது மட்டுமா? பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலுள்ள நிலவறையைத் துடைத்து, ஒவ்வொரு வியாழக்கிழமையும் பாட வருகிற எவருக்கும் திறந்துவிட்டார். பூடென் ஊரிலிருந்து மூன்று பெண்கள் வந்து, சுவரைப் பார்த்தபடி பாடினார்கள். வெண்டெலா அவர்கள் காதருகே போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது: "குரல் இல்லாத நானே ஆளுங்களைப் பார்த்துப் பாடுறேன். குரல் இருக்கிற உங்களுக்கு என்னடி வெட்கம்?" திரும்பிப் பாடினார்கள். அவர்கள்தான் இன்று நாடு முழுக்கச் சுற்றிவரும் 'சூடான தண்டவாளம்' குழு. 'ஈரக் கையுறை'யில் தட்டு போட்ட ஒவ்வொரு குழுவிடமும் அவர் கேட்ட நிபந்தனை ஒன்றே: யார் பாடினாரோ அவர் பெயர் உறையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவர்தான் காஸ்பர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒருநாள் ரயிலேறி வந்தார், மன்னிப்புக் கேட்க. வெண்டெலா, "அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்த ஸ்பீக்கரைத் தூக்குங்க" என்றார். அன்று தூக்கியவர் இன்றுவரை இறக்கி வைக்கவில்லை.

நோய் இந்தக் குளிர்காலத்தில் திரும்பி வந்தது. இம்முறை அதனிடம் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது, என் காதை அருகே இழுத்துக்கொண்டார்.

"ஹில்டிங், எனக்குக் கூட்டம் போடுவீங்க. எழுந்து நின்னு மௌன அஞ்சலி அது இதுன்னு பண்ணாதீங்க."

"பின்ன என்ன பண்ணணும்?"

"பதினோரு வருஷமா எனக்காக எத்தனை பேரு மூச்சைப் புடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க! பாவம்டா. விடச் சொல்லு."

அவையோரே! உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். வரும் வியாழக்கிழமை நிலவறை திறந்திருக்கும். அதற்கடுத்த வியாழனும் திறந்திருக்கும். பெரிய குரலோ சிறிய குரலோ, குரலே இல்லையோ, வருகிறவருக்கு மேடை உண்டு. 'ஈரக் கையுறை' தட்டு போடும். பாடியவர் பெயர் உறையில் இருக்கும். நானும் யெர்ட்டும் உள்ளவரை நாங்கள். எங்களுக்குப் பின் பூடென் பெண்கள். அவர்கள் ஏற்கெனவே சாவி கேட்டுவிட்டார்கள்.

இப்போது எழுந்து நில்லுங்கள். லில்லெமோர், காப்பிக் குடுவையைக் கீழே வையுங்கள். ஆல்காட், நீங்களும்தான். யாரும் தலை குனிய வேண்டாம். அவர் பெயரை நான் சொன்னதும், நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டு, கூரை பறக்கக் கத்துங்கள்.

வெண்டெலா புருன்ஸ்ட்ரோம்!