பின்னங்கால்கள்

எங்களுக்கு உடை தைக்கும் தையலம்மாவை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவருக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். துணிக் குதிரையின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் ஏழு கொக்கிகளையும் அவர் அன்று சரியாகத்தான் மாட்டினார். அதை என்னைவிட உறுதியாக யாரும் சொல்ல முடியாது.

எங்களுடையது குழந்தைகளுக்கு நாடகம் போடும் குழு. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் காட்சி. ஒரு விவசாயி தன் கிழக் குதிரையை விற்கப் பார்ப்பார், அது விலைபோகாது, கதை அவ்வளவுதான். அந்தத் துணிக் குதிரைக்குள் இரண்டு பேர். தலை, கழுத்து, முன்னங்கால், இமை கொட்டும் கயிறு எல்லாம் என் அண்ணன். அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே பின்னால் வருவது நான். வாலை ஆட்டும் கயிறு என்னிடம் இருந்தது. இப்படிப் பதினோரு வருடம்.

அண்ணன் குதிரையின் வாய் வழியாகப் பார்ப்பார். எனக்குத் தெரிவது அவருடைய குதிகாலும் மேடையின் இரண்டு பலகையும்தான். அவர் தன் தொடையில் ஒரு தட்டு தட்டினால் நடக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிற்க வேண்டும். ஒரு நாள்கூட எனக்குத் தப்பாகத் தட்டியதில்லை. தங்கமான மனிதர். என் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தியவரும் அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காட்சி முடிந்ததும் அண்ணன் தலையை மட்டும் கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்வார். நான் உள்ளேயே குனிந்து நிற்பேன். போட்டோவில் முழுக் குதிரை வேண்டுமே. போன மாதம் என் மகளின் வகுப்பு வந்திருந்தது. அவளுக்கு எட்டு வயது. தோழிகளிடம் அவள் சொன்னது உள்ளே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங்க பெரியப்பாதான் குதிரை. அப்பா உள்ள சும்மா குனிஞ்சு நிப்பாரு."

பிள்ளை பொய் சொல்லவில்லை.

அடுத்த முறை அவள் வரும்போது, ஒரே ஒரு காட்சிக்கு இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். கேலியாக இல்லை, பாசமாகத்தான். "உனக்கு முதுகு நல்லா அமைஞ்சிருக்குடா. அதை ஏன் வீணாக்குற?"

ஒரு வாரம் யோசித்தேன். எப்படிப் பார்த்தாலும் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. அண்ணன் இருக்கும்வரை முன்பாதி அவருடையதுதான்.

நாடகத்தின் கடைசியில் குதிரை மேடை விளிம்புக்கு வந்து பின்னங்காலில் எழுந்து நிற்கும். அதாவது அண்ணனை பெல்ட்டோடு தூக்கி, எட்டு எண்ணும்வரை வைத்திருந்து, இறக்கிவிடுவேன். விளிம்புக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், சிமென்ட் தரை. பாட்டெல்லாம் இப்போது ஸ்பீக்கரில் வருவதால் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் அன்று காட்சிக்கு முன் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். வேறு யாருக்கும் அடிபடக் கூடாது இல்லையா?

விவசாயி பாடும்போது குதிரை அசையாமல் நிற்கும். கொஞ்சம் நீளமான பாட்டு. வரிக்கு ஒன்றாக ஏழு கொக்கிகளையும் உள்ளிருந்தே கழற்றினேன். அண்ணனோடு நானும் விழுந்துவிட்டால் என் மகளை யார் பார்த்துக்கொள்வது?

பாட்டு முடிந்து விளிம்புக்கு வந்தோம். அண்ணன் இரண்டு தட்டு தட்டினார். நின்றேன், தூக்கினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அவரைச் சுமந்தபடி இன்னும் கொஞ்சம் முன்னால் போனேன். குதிரைக்குள் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அன்று அண்ணன் பேசினார்.

"டேய், கீழ பலகை இல்லடா."

"தெரியும்ணா."

எட்டு எண்ணி முடித்ததும் பிடியை விட்டேன். என் வேலையே அதுதான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பாதிக் குதிரை தனியாக நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேடையில் நிமிர்ந்து நின்றேன். வெளிச்சத்தில் கண் கூசியது. மகள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவளை வரச் சொன்னதே நான்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றை இழுத்து வாலை ஆட்டிக் காட்டினேன்.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், ஐயா. சந்தோஷம் அதிகமானால் அவளுக்குப் பேச்சு வராது. வாய் திறந்ததும் குதிரை யார் என்று கேட்டுப் பாருங்கள். "எங்க அப்பா" என்றுதான் சொல்வாள்.