ஜெபக் குறிப்பு

அடங்காதவளாவே இருந்துட்டுப் போறேன் ஐயா. ஆமா, எல்லாரும் கண்ண மூடியிருக்கறப்போ எந்திரிச்சு நிறுத்துங்கன்னு கத்துனேன். அதுக்கு மன்னிப்பு வேற கேக்கணுமா? கேக்க மாட்டேன். உக்காரவும் மாட்டேன், நின்னே பேசறேன்.

பரிசுத்த வேளையக் கெடுத்துட்டேனா? நானா? பாட்டுக் குழுவில ஒரு மகள், தகப்பன் இல்லாத பிள்ள, தப்பான சிநேகத்துல விழுந்துட்டா, தூக்கியெடும் ஆண்டவரேன்னு மைக்குல உருகுனது யாரு? பேர் சொல்லலையாம்! பாட்டுக் குழுவில தகப்பன் இல்லாத பொண்ணு எத்தன பேரு இருக்கா, சொல்லுங்க பாப்போம்? நீங்க அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள அரை சபை ஒத்தக் கண்ணத் தொறந்து அவளத் தேடுது. எனக்கு முன்னாடி ஒரு ஆன்ட்டி, ஜெபம் பண்ற மாதிரியே பக்கத்துச் சேர்ல குசுகுசுங்கறாங்க. அந்தப் பொண்ணு பாட்டுப் பொஸ்தகத்தால மூஞ்ச மூடிக்கிட்டா. ஆண்டவருக்கு என்ன, காது கேக்காதா? மைக்குல சொன்னாத்தான் ஏறுமா?

ரகசியத்த வெளிய விட்டது நானா? நல்லாருக்கே! உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். வளர்ற பிள்ளைங்களுக்கு ஆலோசனை சொல்லப் படிக்க வந்தவ நான், பாடம் எடுக்கறது நீங்க. பிள்ள சொன்னது உங்களோடயே இருக்கணும், ஆபத்துன்னா மட்டும் மேல இருக்கறவங்ககிட்ட சொல்லணும், அவங்க போலீஸுக்குச் சொல்லணும்னு போர்டுல எழுதிப் போட்டது நீங்கதான? பரீட்சையிலயும் கேட்டீங்க. அதையேதான் செஞ்சேன்.

அவ என்ன சொன்னா? பாட்டு பிராக்டிஸ் முடிஞ்சதும், சொல்லிக் குடுக்கறவரு தன்ன மட்டும் இருக்கச் சொல்லிக் கதவச் சாத்துறாருன்னா. அந்த ப்ளாஸ்டிக் சேர்ல காலக் குறுக்கிக்கிட்டு, என்னப் பாக்காம, செவுத்தப் பாத்துச் சொன்னா. அத ஒரு வார்த்த கூட்டாம கொறைக்காம இதே மேஜைக்கு முன்னாடி உங்ககிட்ட சொன்னேன். ஜெபிப்போம் மகளேன்னீங்க. சரி, போலீஸுக்கும் சொல்லுவீங்கன்னு நம்பிப் போனேன் பாருங்க, என்னச் சொல்லணும். அது உங்க வாயில தப்பான சிநேகமாயிருச்சு! தள்ளிவிட்டவன விட்டுட்டு, விழுந்துட்டான்னு அவளுக்கு ஜெபம். சீ!

சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டீங்களா? போடாதீங்க, புண்ணியமாப் போகும். அத செவுத்துல மாட்டி வெச்சுக்கிட்டு, என்ன நம்பு கண்ணுன்னு இன்னொரு பிள்ளகிட்ட எந்த மூஞ்சிய வெச்சு சொல்லுவேன்? ஆனா தொலஞ்சா சனியன்னு சந்தோஷப்பட்டுறாதீங்க. இந்தப் படிப்ப விட மாட்டேன், வேற எடத்துல சேந்து படிப்பேன். உங்கள மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் எனக்கு வேலைக்குக் கொறச்சலே இருக்காது.

என்னது, குடும்பத்த இழுக்காதயா? யார் குடும்பத்த? இவ்வளவு நேரம் பேசுனதுல உங்க தம்பின்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா? நீங்களே சொல்லிட்டீங்க.

போன எடுத்து அவருக்கு அடிக்கணும்னா அடிங்க. ஆனா லேட்டு. காலைல அவ, அவங்க அம்மா, நான், மூணு பேரும் ஸ்டேஷனுக்குப் போயி சொல்லிட்டுத்தான் இங்க வர்றேன். தம்பிய அவங்க பாத்துப்பாங்க. நான் கேக்கறது உங்கள. ஞாயித்துக்கெழம சபை நெறஞ்சிருக்கும்போது எந்திரிச்சுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணப் பத்தி இனி ஒரு எழுத்துப் பேசக் கூடாது, உங்களப் பத்தி மட்டும் சொல்லுங்க. நான் வந்து சொன்னதுக்கப்புறமும் உங்க தம்பிய அந்தப் பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்க விட்டீங்களா, இல்லையா?