இந்த வீட்டை மட்டும் இடிக்கணும்

இல்ல சார், உங்க காதுல சரியாத்தான் விழுந்துச்சு. இடிக்கணும்னுதான் சொன்னேன். ரிப்பேர் இல்ல, இடிக்கணும். அதுக்குத்தான் உங்க பழைய கட்டடப் பாதுகாப்புக் குழுகிட்ட அனுமதி கேட்டேன், நீங்களும் பாக்க வந்திருக்கீங்க.

உங்க ஆபீஸ்ல சிரிச்சிருப்பாங்களே? பழைய வீட்டைத் தொடக் கூடாதுன்னு ஊரையே கோர்ட்டுக்கு இழுத்த ஆர்க்கிடெக்ட், இப்போ தன் வீட்டை இடிக்கணும்ங்கறான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்னு பேசுவாங்க. பேசட்டும். இந்த வீட்டை உங்க பாதுகாப்புப் பட்டியல்ல சேக்கச் சொல்லி உங்களுக்கு முன்னாடி இருந்த ஆபீஸர்கிட்ட மல்லுக்கு நின்னதே நான்தான். போன வருஷந்தான் விலைக்கு வாங்கினேன், இடிக்கறதுக்குன்னே.

சுவரா? ஆமா, அந்த விரிசலுக்குக் குறுக்க கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கேன். சுவர் ஒரு நூல் நகந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். விடல. பாத்துட்டீங்க இல்ல? விரலால ஒரு தட்டு தட்டியிருந்தா நீங்க வர்றதுக்குள்ள உடைஞ்சிருக்கும், நீங்களும் ஆபத்துன்னு எழுதிட்டுப் போயிருப்பீங்க. மனசு வரல சார். நல்லா நிக்கற சுவரைப் போய் விழப்போகுதுன்னு எப்படிச் சொல்றது.

நான் படிச்சுட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்ல. வந்தப்புறம் படிச்சவன். சாந்துச் சட்டி தூக்கினேன். அப்புறம் ஒருத்தர்கிட்ட டீ வாங்கிக் குடுத்துக்கிட்டே வரைபடம் போடக் கத்துக்கிட்டேன். கோடு கோணல்னு ஸ்கேலால கையிலேயே போட்டாரு. சுவரே கோணல் சார், இருக்கறதைத்தானே வரைவேன்? அந்த ஸ்கேலை ரெண்டா முறிச்சு அவரு மேஜை மேல வச்சுட்டு வந்தவன் நான்.

முனையில ஓட்டல் இருக்கே, அந்த முதலாளி மரப் படிக்கட்டைப் பிடுங்கிட்டு லிஃப்ட் வைக்கணும்னான். படியை எடுத்தா நானும் இறங்கிடுவேன்னேன். போடான்னான். போயிட்டேன். அப்புறம் அவனே தேடிக்கிட்டு வந்தான், லிஃப்டைப் பின்கட்டுல வச்சுக் குடுத்தேன். பேரம்னா எந்திரிச்சுப் போகத் தெரியணும் சார். எதிர்வீட்டுக்காரன் அலுமினிய ஜன்னல் போட்டான். அவன் என் சட்டையைக் கிழிச்சான், நான் ஜன்னலைக் கழட்ட வச்சேன். விளக்குக் கம்பத்தைக் கூட மாத்த விடல. செவுத்துக்குப் புருஷன்னு என் பொண்டாட்டி எனக்குப் பேரே வச்சுட்டா. யாராவது என்னைத் தேடி வந்தா, சுண்ணாம்புக்கும் மணலுக்கும் நடுவுல எங்கயாச்சும் கிடப்பாரு, கிளறிப் பாருங்கம்பா.

என்ன, வித்துடலாமேவா? வித்தா வாங்கினவன் உங்க சட்டத்துக்குப் பயந்து அப்படியேதானே வச்சிருப்பான். அதே கதவு, அதே மாடி ஜன்னல். அதெல்லாம் இங்க இருக்கக் கூடாதுங்கறேன்.

கத்தலீங்க. என் குரலே இப்படித்தான்.

கல்யாணமான புதுசுல இந்த மாடியிலதான் வாடகைக்கு இருந்தோம். பொண்ணு இங்கதான் பொறந்தா. பள்ளிக்கூடத்துல சேத்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா, அதுவும் இங்கதான். அதோட வேற வீடு போயிட்டோம். அது ஆச்சு, ஒரு ஆயுசு.

இப்போ என் வீட்டுக்காரிக்கு நினைவு இல்ல. என் பேரே தெரியல. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள சோறு போடலைன்னு சண்டைக்கு வருவா. ஆனா பள்ளிக்கூடம் விடற நேரமானா கிளம்பிடறா. வேலைக்கார அம்மா பின்னாலேயே ஓடி வருவாங்க. நேரா இங்க வந்து கதவைத் தட்டி, பாப்பா வந்துட்டாளான்னு கேக்கறா. வீட்டுல வச்சுப் பூட்டினா தலையை முட்டிக்கறா. இன்னும் வரலைன்னு பொய் சொன்னா தெருவெல்லாம் தேடறா. அதான் தினம் நான் முன்னாடியே வந்து உள்ள நின்னுக்கறேன். கதவைத் திறந்து, பாப்பா செத்துட்டான்னு உண்மையைச் சொன்னா அந்தப் படியில உக்காந்து அழறா, இப்பத்தான் போன மாதிரி. அழுது ஓஞ்சதும் கூட்டிக்கிட்டுப் போறேன். மறுநாள் மறந்துடுது.

கதவுக்கு வேற நிறம் அடிச்சுப் பாத்தேன். ஜன்னலைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டா. வர்ற வழியில நாலு வீடு உருமாறியிருந்தாலே எங்கயாவது வழி தப்பியிருப்பா சார். இந்தத் தெருவுலதான் எதையும் மாத்த விடலியே நான்.

இருங்க. தட்டறது அவதான். நீங்க கொஞ்சம் பின்கட்டுப் பக்கம் போய் நில்லுங்க தம்பி. இன்னிக்கு இன்னும் அவகிட்ட சொல்லல.