எப்பவும் முப்பது செகண்ட்

— முதலாளி தவுக்கே என்ன சொன்னாரு, அதை முதல்ல சொல்லு புஷ்பவல்லி.

— பண்டமாரான் பிராஞ்சு கிராணிக்கு, அதான் எனக்கு, டைப் அடிக்க விரல் மெதுவு, வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டு நிறுத்திடலாம்னாரு. இங்க வாசல்ல பதினோரு லோரி நிக்குது ராதாண்ணே. கன்டெய்னர் நம்பரைத் தட்டிட்டு, பங்சார் ஹெட் ஆபீஸ்ல இருந்து உங்க சர்வர் பதில் சொல்லட்டும்னு உக்காந்திருக்கேன். டிரைவருங்க என் மேசையிலயே கோப்பி குடிச்சுப் பழகிட்டாங்க.

— லைன்ல கூட்டம் லா. நான் என்ன பண்ண?

— கூட்டம்னா ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். நான் கடிகாரம் பாத்து நோட்டுல எழுதியிருக்கேன். காலையில முப்பது செகண்ட். மத்தியானமும் முப்பது. ஒரு கன்டெய்னருக்கு முப்பது, அறுபது கன்டெய்னர் லிஸ்டுக்கு முப்பத்தொண்ணு.

— எப்பவும் முப்பதா?

— எப்பவும்.

— அப்ப லைன் இல்ல லா. எங்க சர்வர் யார்கிட்டயோ என்னமோ கேக்குது. அங்க பதில் இல்ல. முப்பது செகண்ட் பாத்துட்டு, போய்த் தொலைன்னு உன் வேலைக்கு வருது. எப்ப இருந்து இப்படி?

— ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து. மூணு வாரம்.

— இரு, ஸ்கிரீன்ல பாக்கறேன். ஆமா லா. நீ கூப்பிட்டா, 'கூப்பிடறது யாரு'ன்னு சர்வர் இன்னொரு மிஷின்கிட்ட கேக்குது. பங்சார் ஆளுங்க பேரு சர்வர்லயே இருக்கு. பண்டமாரான் பேரு மட்டும் அந்த மிஷின்ல.

— எந்த மிஷின்ணே?

— எனக்கு முன்னாடி இருந்த சீவரத்தினம் வெச்சுட்டுப் போனது. ஸ்டோர் ரூம்ல கிடக்கும். போனை வெச்சுடாத, பாத்துட்டு வரேன்.

— இருக்கேன்ணே.

— புஷ்பா, கேளு. சந்தனம், குங்குமம், காஞ்சுபோன சாமந்தி மாலை, மாப்பிள்ளை மாதிரி அலங்காரத்தோட அணைஞ்சு கிடக்குது. ஆன் பண்ணிட்டேன். இப்ப தட்டு.

— வந்துருச்சு. எண்ணக்கூட நேரமில்லண்ணே.

— பாத்தியா, உன் விரல்ல குத்தமில்ல. இப்பவே தவுக்கேக்கு ரிப்போர்ட் எழுதறேன். இதை அணைச்ச புத்திசாலி பேரைக் கொட்டை எழுத்துல போடறேன். பூஜைக்கு எல்லா பிராஞ்சும் இங்கதானே வந்தீங்க, யாருன்னு தெரியுமா?

— தெரியும்ணே.

— சொல்லு, பேனா கையில இருக்கு.

— ரெண்டு பேரு எழுதணும். பொட்டு வெச்சு அணைச்சது நான். 'இது சும்மாதான் கிடக்குது, அணைச்சுடு லா, ஓய்வெடுக்கட்டும்'னு சொன்னது நீங்க.