கங்குக்குப் புகை இல்லை

கோத்தகிரிக் குளிர் பழகிவிட்டது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை, சார். யாருக்கும் பழகுவதில்லை. இரும்புக்குக்கூடப் பழகுவதில்லை.

என் தொலைநோக்கியின் குழாய் இரவு ஏற ஏறக் குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் ஃபோகஸ் விலகும். அதைச் சரிசெய்ய ஒரு சின்ன மோட்டார் மாட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் அதைத் திருப்பித் திருப்பி நட்சத்திரங்களைப் புள்ளியாக்க வேண்டும், விடியும்வரை தானாகப் படமெடுக்க வேண்டும். நான் தூங்கலாம். ஆனால் காலையில் பார்த்தால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஓட்டை வடையாக ஊதியிருக்கும். மாதக்கணக்கில் இதே வடைதான்.

பசுந்தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியபின் எனக்கு ஆபீஸ் வேலை இல்லை. குவார்ட்டர்ஸில் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள். மிஞ்சியது நானும், காவலுக்கென்று காரமடையிலிருந்து புதிதாக வந்த வேலுமணி அண்ணனும்தான். என் கையால் சரிசெய்யக்கூடியது என்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஃபோகஸ். அதுவும் நிற்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சில்வர் ஓக் மரங்கள் மறைக்காத வானம் கேட் பக்கம் மட்டுமே உண்டு. தொலைநோக்கியை அங்கேதான் வைப்பேன். வேலுமணி அண்ணனின் அறையும் அங்கேதான். வாசலில் கரி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நானாச்சும் பூட்டுன ஃபேக்டரிக்குக் காவலுங்க. நீங்க வானத்துக்குக் காவலுங்களா அம்மிணி? அதை யாரு தூக்கிட்டுப் போயிருவா?"

நானும் சிரித்தேன். நல்ல மனிதர். ஆனால் அடுப்பின் சூடு எழுந்து காற்றை நெளியவைக்கிறது, ஃபோகஸ் கெடுவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபின் வேறெதையும் நான் தேடவில்லை.

அன்று சாயங்காலம், அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"உள்ள புகையடிக்காதுங்களா?"

"கங்கானதுக்கு அப்புறம் ஏதுங்கண்ணா புகை? கதவைச் சாத்திக்கிட்டீங்கன்னா கதகதன்னு இருக்கும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிந்தது, அதுவும் படத்தைக் கெடுக்கும். பழைய சாக்கை வெளியிலிருந்து நானே திணித்து அடைத்தேன்.

"ராஜ உபசாரமால்ல இருக்குது" என்றார் உள்ளிருந்து.

தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். சீசனுக்கு வந்த ஒரு குடும்பம் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போனது. அதன்பிறகு மூடிய அறையில் அடுப்பு கூடாது என்று ஃபேக்டரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை டைப் செய்தவள் நான். வேலுமணி அண்ணன் மலைக்குப் புதியவர். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

காலையில் முதலில் படங்களைத்தான் திறந்தேன். எல்லாம் வடை. அடுப்பு காரணமே இல்லை. மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. மோட்டார் சுற்றியது, ஃபோகஸ் நகரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

திருகை இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அதன்பின், இனி அடுப்பை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான், சார், போய் அவர் கதவைத் தட்டினேன்.